சிறிய விமானத்தில் எடையும் சமநிலையும்: புறப்படுமுன் கணக்கிடும் முறை, செஸ்னா 172எஸ் எடுத்துக்காட்டுடன்

நான்கு இருக்கைகள் உள்ள விமானத்தில் நான்கு பேரையும் முழு எரிபொருளையும் ஏற்றலாம் என்ற எண்ணத்தையே புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் முதலில் காண்கிறேன். செஸ்னா 172எஸ் விமானத்தில் இருக்கைகள் நான்கு, பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 அமெரிக்க கேலன், சாமான் பகுதியின் கொள்ளளவு 120 பவுண்டு. ஆளுக்கு 170 பவுண்டு என்று வைத்து மூன்றையும் நிரப்பினால், 1,690 பவுண்டு வெற்று எடை கொண்ட ஒரு விமானம் 2,808 பவுண்டைத் தொடும். அது புறப்படுவதற்கான உச்ச வரம்போ 2,550 பவுண்டு.

எனவே எதை ஏற்றுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு முறையும் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தை எந்த வரிசையில் எடுப்பது என்பதையே இங்கே விளக்குகிறேன். கூட்டலும் பெருக்கலும் பள்ளிக் கணக்குதான். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை கணக்கில் நேர்ந்தவை அல்ல. கணக்குக்குள் போட்ட எண்களிலும், செய்த வரிசையிலும் நேர்ந்தவை.

1. கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் பறக்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் கையேடும், அதனுடன் வைத்திருக்கும் கடைசி எடையிடல் அறிக்கையும் முதலில் வேண்டும். அதே மாடல் என்பதற்காகப் பக்கத்தில் நிற்கும் விமானத்தின் அறிக்கையை எடுக்கக் கூடாது. ஒன்றில் புதிய ரேடியோ பொருத்தியிருப்பார்கள், மற்றொன்றுக்கு மறுபடி வண்ணம் பூசியிருப்பார்கள். ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு விமானங்கள்கூட ஒரே எடையில் இருப்பதில்லை.

அடுத்து ஒரு தராசு. குளியலறைத் தராசு போதும், ஆனால் அது விமானத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு கால்குலேட்டர், பென்சில், எரிபொருள் அளவுகோல், அன்றைய வானிலைக் குறிப்பு. செயலிகளைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் இருபது கணக்குகளையாவது கையால் போட்டவரே செயலி தவறான எண்ணைக் காட்டும்போது அதைக் கண்டுபிடிக்கிறார்.

இந்தியாவில் பறப்பவருக்கு அலகுகளால் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. நம் ஆட்களின் எடை கிலோவில் இருக்கும், எரிபொருள் வண்டி லிட்டரில் அளக்கும், கையேடு பவுண்டிலும் கேலனிலும் பேசும். ஒரு கிலோ 2.205 பவுண்டு; ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், ஒரு கேலன் விமானப் பெட்ரோலின் எடை 6 பவுண்டு. இந்த மூன்று எண்களையும் தாளின் தலைப்பில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். 1983-இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து கிம்லியில் சறுக்கி இறங்க நேர்ந்ததற்கு, லிட்டரை எடையாக மாற்றுகையில் கிலோவுக்குரிய எண்ணை விட்டுப் பவுண்டுக்குரிய எண்ணைப் பயன்படுத்தியதே காரணம். கூட்டல் பெருக்கலில் தேர்ந்தவர்களுக்கே நேர்ந்தது அது.

2. எந்த விசை எங்கே செயல்படுகிறது

விமானத்தின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் கீழ்நோக்கி இழுப்பதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். இறக்கையின் தூக்குவிசை அந்தப் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் மேல்நோக்கிச் செயல்படுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லாததால் மூக்கு கீழே சாயப் பார்க்கும். அதைத் தடுக்க வால் இறக்கை கீழ்நோக்கி அழுத்துகிறது.

புதியவர்கள் பலரும் வால் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்றே நினைக்கிறார்கள். உண்மையில் வால் அழுத்தும் விசையையும் சேர்த்தே இறக்கை சுமக்க வேண்டியிருக்கிறது. மையம் முன்னால் போகப் போக வால் அதிகம் அழுத்த வேண்டும், இறக்கையும் அதிகம் சுமக்க வேண்டும். மையம் பின்னால் போகப் போக வாலின் வேலை குறைந்து, மூக்கு தானாகவே கீழே திரும்பும் இயல்பும் குறைகிறது. கீழே வரும் வரம்புகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

3. வெற்று எடையிலிருந்து தொடங்குங்கள்

எடையிடல் அறிக்கையில் இரண்டு எண்களை எடுக்க வேண்டும்: அடிப்படை வெற்று எடை, அதன் திருப்புத்திறன். திருப்புத்திறன் என்பது எடையை அதன் தூரத்தால் பெருக்கி வருவது. தூரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளியை டேட்டம் என்பார்கள். 172எஸ்-இல் அது, என்ஜினையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரின் முன்முகத்தின் கீழ்ப்பகுதி. அங்கிருந்து ஒரு பொருள் எத்தனை அங்குலம் பின்னால் இருக்கிறதோ அதுவே அதன் ஆர்ம்.

அடிப்படை வெற்று எடையில் என்ஜின் ஆயிலும், தொட்டியின் அடியில் தங்கிப் பயன்படாமல் போகும் 3 கேலன் எரிபொருளும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. அவற்றை மறுபடி கூட்ட வேண்டாம்.

இங்கே நேரும் பிழை ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஆண்டுதோறும் நேர்கிறது. கையேட்டில் ஒரு மாதிரிக் கணக்கு அச்சாகியிருக்கும். அதிலுள்ள வெற்று எடையை அப்படியே நகலெடுத்துவிடுகிறார்கள். ஒரு மாணவர் மூன்று வாரங்கள் அப்படியே எழுதிவந்தார். ஒவ்வொரு தாளும் சுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. அந்தச் சுத்தமே எங்கள் கண்ணையும் மறைத்தது. பிறகு ஒருநாள் அவருடைய தாளையும் விமானத்தின் அறிக்கையையும் அருகருகே வைத்தபோதுதான், அந்த எடையில் ஒரு விமானமே எங்கள் ஹாங்கரில் இல்லை என்று தெரிந்தது.

4. ஆட்களின் எடை: கேட்காதீர்கள், நிறுத்துப் பாருங்கள்

ஒருவரிடம் எடை எவ்வளவு என்று கேட்டால், கல்யாணத்துக்கு முன்பு எப்போதோ பார்த்த எடையைச் சொல்வார். அதில் பொய் எதுவும் இல்லை, கூச்சம் மட்டுமே. ஆனால் நான்கு பேரும் ஆளுக்கு நான்கு கிலோ குறைத்துச் சொன்னால் 35 பவுண்டு காணாமல் போய்விடும்.

ஆகவே தராசை வைத்து, காலணி, கைப்பை, தண்ணீர் பாட்டில், கேமரா எல்லாவற்றுடனும் நிற்கச் சொல்லுங்கள். எண்ணை உரக்கப் படிக்காமல் குறித்துக்கொள்வது நாகரிகம்.

சராசரி எடையை வைத்துக் கணக்கிடும் வழக்கம் பெரிய விமானங்களுக்கு உரியது. இருநூறு பேரில் கனத்தவரும் மெலிந்தவரும் ஒருவரையொருவர் ஈடுசெய்துவிடுவார்கள். நான்கு பேரில் அப்படி ஈடுசெய்ய ஆள் இல்லை. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் 19 பயணிகளுடன் புறப்பட்ட பீச்கிராஃப்ட் 1900டி விமானம் விழுந்து 21 பேரும் இறந்தனர். எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையின்) கம்பியைத் தவறாகச் சரிசெய்திருந்ததும், விமானம் கூடுதல் எடையோடு, மையம் பின்வரம்பைத் தாண்டிய நிலையில் இருந்ததும் சேர்ந்தே அதற்குக் காரணமாயின. விமானிகள் போட்ட கணக்கு அன்றைய விதிப்படி சரியாகவே இருந்தது. அது நம்பியிருந்த சராசரி எடை மட்டுமே உண்மையான மனிதர்களுக்குப் பொருந்தவில்லை. அதன்பின் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்தச் சராசரியை உயர்த்தியது.

172எஸ்-இல் முன் இருக்கைகளின் ஆர்ம் 37 அங்குலம், பின் இருக்கைகளுக்கு 73 அங்குலம். முன் இருக்கை நகரக்கூடியது என்பதால் 37 என்பது சராசரி மனிதருக்கான எண். மிக உயரமானவர் இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் மையமும் சற்றுப் பின்னால் நகரும்.

இருக்கையைப் பற்றிப் பேசுகையிலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன் பூட்டு தண்டவாளத்தில் சரியாக விழுந்திருக்கிறதா என்று உடலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். பூட்டு விழாத இருக்கை, புறப்பாட்டின் வேகமெடுப்பில் பின்னோக்கிச் சறுக்கும். விமானி தன்னையறியாமல் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடியையும் கூடவே இழுத்துவிடுவார், மூக்கு மேலே எழும்பும். கணக்கு சரியாக இருந்தும் விமானத்தை இழக்க அதுவே போதும்.

5. சாமான்கள்

சாமான் பகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் பகுதியின் ஆர்ம் 95 அங்குலம், அதில் 120 பவுண்டு வரை வைக்கலாம். இரண்டாம் பகுதியின் ஆர்ம் 123 அங்குலம், அதில் 50 பவுண்டுதான். இரண்டிலும் சேர்த்து 120 பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற மூன்றாவது வரம்பைப் பலரும் படிக்காமல் விட்டு, 170 என்று கூட்டிக்கொள்கிறார்கள்.

50 பவுண்டு என்பது தரை தாங்கும் அளவை ஒட்டியது. சமநிலை வரம்பு அதற்கும் முன்னாலேயே தடுக்கக்கூடும் என்பதை எட்டாம் படியில் பார்க்கலாம். வைத்த சாமானை வலையால் கட்டியே தீர வேண்டும். கட்டாத பெட்டி, காற்று குலுக்கும்போது தன் இடத்தையும், அதனால் உங்கள் கணக்கையும் மாற்றிவிடும்.

6. எரிபொருளைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களையும் சாமானையும் கணக்கிட்டு முடிக்கும்வரை எரிபொருள் வண்டியை அழைக்காதீர்கள்.

நடப்பது என்னவென்றால், மாணவர் விமானத்தைச் சுற்றிச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிடும். ஏணியில் நிற்பவர் குழாயைக் கையில் பிடித்தபடி "ஃபுல்லா சார்?" என்று கேட்பார். மாணவர் தலையசைத்துவிடுவார். ஊற்றிய பெட்ரோலை வெளியே எடுப்பதற்கு ஆளும் பாத்திரமும் அனுமதியும் நேரமும் வேண்டும். அதைச் சொல்லி விமானத்தை நிறுத்திவைக்கக் கூச்சப்பட்டு, "கொஞ்சம்தானே கூட இருக்கு" என்று கிளம்பத் துணிவதே உண்மையான ஆபத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் வெற்று எடை 1,690 பவுண்டு. முன்னால் 78 கிலோவும் 84 கிலோவும் உள்ள இருவர், சேர்த்து 357 பவுண்டு. பின்னால் 70 கிலோவும் 64 கிலோவும் உள்ள இருவர், சேர்த்து 295 பவுண்டு. முதல் சாமான் பகுதியில் 18 கிலோ, அதாவது 40 பவுண்டு. எரிபொருள் இல்லாமல் மொத்தம் 2,382 பவுண்டு.

நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 2,558 பவுண்டு. என்ஜினை இயக்கி ஓடுபாதைவரை போவதற்குள் 8 பவுண்டு எரிந்து 2,550-க்கு இறங்கிவிடும் என்பது அதன் பொருள். ஆகவே எரிபொருளுக்கு மீதி 176 பவுண்டு, அதாவது 29 கேலன், ஏறத்தாழ 110 லிட்டர்.

இது பயணத்துக்குப் போதுமா என்று உடனே பார்க்க வேண்டும். மணிக்கு 10 கேலன் எரியும் என்று சற்றுத் தாராளமாக வைத்தால், ஒன்றரை மணி நேரப் பறத்தலுக்கு 15, முக்கால் மணி நேர இருப்புக்கு 7.5, தரையில் ஓட ஒன்றரை. மொத்தம் 24 கேலன். போதும். போதாது என்றால் ஒருவர் இறங்க வேண்டும், அல்லது வழியில் ஓரிடத்தில் எரிபொருள் நிரப்பத் திட்டமிட வேண்டும். இருப்பைக் குறைப்பது ஒருபோதும் வழியாகாது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. 110 லிட்டர் என்பது தொட்டியில் இருக்க வேண்டிய மொத்த அளவு; வண்டியிடம் கேட்க வேண்டிய அளவு அல்ல. அளவுகோலை விட்டுப் பார்க்கும்போது 12 கேலன் ஏற்கெனவே இருந்தால், ஊற்ற வேண்டியது 17 கேலன், 64 லிட்டர் மட்டுமே. இரண்டாவதாக, சரிவான தரையில் நிற்கும் விமானத்தில் அளவுகோல் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் காட்டும். சமதளத்துக்குத் தள்ளிவிட்டே அளக்க வேண்டும்.

7. திருப்புத்திறனைக் கூட்டி மையத்தைக் காணுங்கள்

எடை வரம்புக்குள் வந்ததும் பலர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஒவ்வொரு எடையையும் அதன் ஆர்மால் பெருக்குங்கள். எரிபொருள் தொட்டியின் ஆர்ம் 48 அங்குலம். வெற்று விமானத்தின் ஆர்ம், அறிக்கையிலுள்ள திருப்புத்திறனை வெற்று எடையால் வகுத்தால் வரும்; இங்கே 40.0.

வெற்று விமானம்: 1,690 × 40.0 = 67,600
முன் இருக்கைகள்: 357 × 37 = 13,209
பின் இருக்கைகள்: 295 × 73 = 21,535
சாமான்: 40 × 95 = 3,800
எரிபொருள், 29 கேலன்: 174 × 48 = 8,352
தரையில் எரிவது: 8 × 48 = 384, இதைக் கழிக்க வேண்டும்

புறப்படும்போது எடை 2,548 பவுண்டு, திருப்புத்திறன் 1,14,112. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 44.8 அங்குலம் வருகிறது. இதுவே ஈர்ப்பு மையம்.

இதைக் கையேட்டின் வரம்போடு ஒப்பிட வேண்டும். 172எஸ்-இன் நார்மல் பிரிவில், அதாவது சாதாரணப் பறத்தலுக்கான பிரிவில், பின்வரம்பு எல்லா எடைக்கும் 47.3 அங்குலம். முன்வரம்பு 1,950 பவுண்டுவரை 35.0 அங்குலம், அதற்குமேல் நேர்கோட்டில் ஏறி 2,550 பவுண்டில் 41.0 அங்குலமாகிறது. 44.8 இரண்டுக்கும் நடுவே இருக்கிறது, எனவே போகலாம். விடை வந்ததும் அது நியாயமாக இருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பாருங்கள்: நால்வர் அமர்ந்த 172-இல் மையம் 38 என்றோ 52 என்றோ வந்தால் எங்கோ ஒரு பூஜ்ஜியம் நழுவியிருக்கிறது.

8. எடை சரி, மையம் தவறு

இனி நான் மிகவும் அஞ்சும் வகைக்கு வருவோம். அதே விமானம். 55 கிலோ எடையுள்ள விமானி தனியாக முன்னால். நண்பர்கள் இருவர், ஆளுக்கு 95 கிலோ, பேசிக்கொண்டே வரலாம் என்று இருவரும் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார்கள். 50 பவுண்டு பை ஒன்று, மற்ற இடத்தை அடைக்காமல் இருக்கட்டும் என்று கடைசிப் பகுதியில். எரிபொருள் 30 கேலன்.

மொத்த எடை 2,460 பவுண்டு. வரம்புக்கு 90 பவுண்டு கீழே. எந்த இருக்கையும், எந்தச் சாமான் பகுதியும் தன் வரம்பைத் தாண்டவில்லை. "சார், எல்லாமே லிமிட்டுக்குள்ளதான் இருக்கு" என்று மாணவர் சொல்லும்போது குரலில் சந்தேகமே இருக்காது. ஆனால் திருப்புத்திறன் 1,17,454, மையம் 47.7 அங்குலம். பின்வரம்பு தாண்டிவிட்டது.

மையம் பின்னால் போன விமானம் தரையில் எந்த அடையாளமும் காட்டாது. புறப்படும்போது மூக்கு எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே எழும்பும். கட்டுப்பாடு கைக்கு இலேசாக இருக்கும். அனுபவம் இல்லாதவருக்கு அது இனிமையாகக்கூடத் தோன்றும். விமானம் ஸ்டால் ஆகும்போதுதான், அதாவது இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுமீறித் தூக்குவிசை குலையும்போதுதான், விலை தெரியும். மூக்கைக் கீழே தள்ள எலிவேட்டருக்குப் போதிய வலு இருக்காது. சுழன்று விழத் தொடங்கினால் அந்தச் சுழலிலிருந்து மீளவே முடியாமல் போகலாம். 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸின் மார்ஷ் ஹார்பரில் புறப்பட்டவுடன் விழுந்த செஸ்னா 402பி, பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேரையும் பலிகொண்டது. அதன் எடை வரம்பை வெகுவாகத் தாண்டியிருந்ததும், மையம் பின்வரம்புக்கு வெளியே இருந்ததும் விசாரணையில் தெரியவந்தன.

சரிசெய்வதற்கு முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டியதில்லை. நகர்த்தும் எடையை நகர்த்தும் தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுத்தால் மையம் நகரும் அளவு கிடைத்துவிடும்.

பையை மட்டும் முதல் பகுதிக்கு மாற்றினால் 50 × 28 ÷ 2,460 = 0.57 அங்குலம். மையம் 47.18-க்கு வருகிறது. வரம்புக்குள்தான், ஆனால் மீதமிருப்பது 3 மில்லிமீட்டர். பின்னால் இருப்பவர் பையை எடுக்கத் திரும்பிச் சாய்ந்தாலே அது கரைந்துவிடும். நண்பர்களில் ஒருவரை முன்னால் உட்கார வைத்தால் 209 × 36 ÷ 2,460, அதாவது 3 அங்குலத்துக்கும் மேல். பை இருந்த இடத்திலேயே இருந்தாலும் மையம் 44.7-க்கு வந்துவிடும். கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: "அண்ணா, நீங்க முன்னாடி வந்து உட்காருங்க."

9. மையம் முன்னால் இருந்தால்

172-இல் முன்வரம்பைத் தாண்டுவது அரிது. தலைக்கு 100 கிலோ எடையுள்ள இருவர் முன்னால் அமர்ந்து, பின்னால் எதுவுமே இல்லாமல், எரிபொருளும் தீர்ந்த நிலையில்கூட நம் எடுத்துக்காட்டு விமானத்தின் மையம் 39.4 அங்குலம், அந்த எடைக்கான முன்வரம்பு 36.8.

ஆனாலும் விமானம் மூக்குக் கனத்தோடு நடந்துகொள்ளும். வால் அதிகம் அழுத்துவதால் ஸ்டால் வேகம் சற்று உயரும். இறங்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடிக்க அதிகம் இழுக்க வேண்டும். போதிய அளவு இழுக்காதவர் மூக்குச் சக்கரத்தை முதலில் தரையில் மோதவிடுவார்.

10. இறங்கும் நேரத்துக்கும் ஒருமுறை கணக்கிடுங்கள்

எரிபொருள் எரியும்போது எடை மட்டுமல்ல, மையமும் நகர்கிறது. நம் முதல் எடுத்துக்காட்டில் 15 கேலன் எரிந்தபின் எடை 2,458, திருப்புத்திறன் 1,09,792, மையம் 44.7. தொட்டியின் ஆர்ம் 48 அங்குலமாக, மையத்துக்கு அருகிலேயே இருப்பதால் மாற்றம் மிகச் சிறியது.

இதைப் பார்த்து, இந்தப் படி வீண் என்று நினைக்க வேண்டாம். தொட்டி மையத்திலிருந்து விலகி இருக்கும் விமானங்களில், வரம்புக்குள் புறப்பட்டது வரம்புக்கு வெளியே இறங்கலாம். வேறு விமானத்துக்கு மாறும்போது கைவசம் இருக்க வேண்டிய பழக்கம் இது.

11. இந்த எடையை இந்த ஓடுபாதை தாங்குமா

2,550 பவுண்டு என்பது கட்டமைப்பும் சான்றிதழும் அனுமதிக்கும் எடை. இன்றைய வெயிலில், இந்த ஓடுபாதையிலிருந்து அந்த எடை எழும்பும் என்று அது உறுதி சொல்லவில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது அனுபவமுள்ளவர்களிடமும் உண்டு.

கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், முழு எடையுடன் 172எஸ் தரையில் 960 அடி ஓடும். 50 அடி உயரத் தடையைக் கடக்க மொத்தம் 1,630 அடி வேண்டும். இவை புதிய விமானத்தைத் தேர்ந்த விமானி ஓட்டிக் கண்ட எண்கள். நான் எப்போதும் அவற்றோடு பாதியையும் கூட்டிக்கொள்கிறேன்.

இனி வெப்பத்தைப் பார்ப்போம். பெங்களூரு போல ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள ஓடுபாதையில் ஏப்ரல் மதியம் 35 டிகிரி என்று வையுங்கள். அந்த உயரத்தின் தரநிலை வெப்பம் 9 டிகிரி, வேறுபாடு 26. டிகிரிக்கு 120 அடி என்ற கணக்கில் 3,120 அடி கூடி, விமானம் 6,100 அடி உயரத்தில் இருப்பதாகவே உணரும். காற்று மெலிந்திருப்பதால் என்ஜினின் வலுவும், புரொப்பெல்லரின் பிடியும், இறக்கையின் தூக்குவிசையும் ஒருசேரக் குறைகின்றன. வேகமானி காட்டும் எண் வழக்கமானதே என்பதால் விமானிக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஓடுபாதையின் முனை மட்டும் வழக்கத்தைவிட விரைவாக நெருங்கி வரும்.

பின்காற்றின் ஒவ்வொரு 2 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேக அலகு) வேகத்துக்கும் தூரத்தில் 10 சதவீதத்தையும், காய்ந்த புல்தரையானால் தரையோட்டத்தின் 15 சதவீதத்தையும் கூட்டச் சொல்கிறது கையேடு. வரம்பைவிட எடை 10 சதவீதம் கூடினால் புறப்படும் வேகம் 5 சதவீதமும், தூரம் குறைந்தது 21 சதவீதமும் கூடும். தூரம் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை; கனத்த விமானம் அதிக வேகத்தை எட்ட வேண்டும், அந்த வேகத்தை மெதுவாகவே எட்டுகிறது என்ற இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன.

எண்கள் இடம் தரவில்லை என்றால் காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள், அல்லது எடையைக் குறையுங்கள்.

12. வானில் எடை கூடும் தருணங்கள்

தரையில் நிறுத்த எடை வானில் நிலையானது அல்ல. 45 டிகிரி சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பும்போது இறக்கை 1.41 மடங்கு எடையைத் தாங்குகிறது. 60 டிகிரியில் இரு மடங்கு. 70 கிலோ மாணவர் அப்போது 140 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். ஸ்டால் வேகம் இந்த மடங்கின் வர்க்கமூலத்தின்படி உயர்கிறது. ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) இறக்காத நிலையில் 48 நாட்டில் ஸ்டால் ஆகும் 172எஸ், 60 டிகிரி திருப்பத்தில் 68 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். இறங்க வரும்போது ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிட்டு, அதைப் பிடிக்க இறுக்கித் திருப்புகிறவர்கள் இருக்கும் வேகம் ஏறத்தாழ அதுவே.

நார்மல் பிரிவில் கட்டமைப்பின் வரம்பு 3.8 மடங்கு, ஃப்ளாப் இறக்கியிருந்தால் 3.0 மட்டுமே. செங்குத்தான திருப்பங்களைப் பயிற்சி செய்யும்போது ஃப்ளாப் மேலே இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காரணம் இது.

மாணவர்களை மிகவும் குழப்புவது கையாளும் வேகம். குலுக்கும் காற்றில் அந்த வேகத்துக்குக் கீழே பறந்தால், கட்டமைப்பு முறியும் அளவுக்கு விசை சேருமுன் இறக்கை ஸ்டால் ஆகி விசையைக் கைவிட்டுவிடும். அது 2,550 பவுண்டில் 105 நாட், 2,200-இல் 98, 1,900-இல் 90. இலேசான விமானம் இன்னும் மெதுவாகப் பறக்க வேண்டுமா என்று கேட்பார்கள், ஆம். இலேசான விமானம் பறப்பதற்குச் சிறிய கோணமே போதும். எனவே ஸ்டால் கோணத்தை எட்டுவதற்குள் அதிக மடங்கு விசையைச் சேர்த்துக்கொள்ள அதற்கு இடம் இருக்கிறது. என்ஜினைத் தாங்கும் சட்டம், பேட்டரிப் பெட்டி போன்றவற்றின் எடை குறையவில்லை; அவற்றின்மேல் அந்த மடங்கு முழுவதும் விழும். தனியாக, பாதித் தொட்டியுடன் பறக்கும் சோலோ மாணவர் 105 என்பதை மனப்பாடமாகச் சொன்னால் நான் அவருடைய தாளைக் கேட்கிறேன்: இன்றைய எடை என்ன?

13. கடைசி நிமிட மாற்றம்

தாளில் கையெழுத்திட்ட பிறகு எதுவும் மாறாது என்று எண்ணாதீர்கள். கதவை மூடும் நேரத்தில் யாரோ ஒரு மாம்பழக் கூடையோடு வருவார். 12 கிலோ கூடை, 26 பவுண்டு. நம் முதல் எடுத்துக்காட்டில் மீதமிருந்தது 2 பவுண்டு.

மாற்றம் சிறியதென்று தோன்றினாலும் எட்டாம் படியின் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்; புதிதாக ஏற்றும் பொருளுக்குத் தூரம் என்பது பழைய மையத்திலிருந்து அதன் இடம்வரை, வகுப்பது புதிய மொத்த எடையால். அரை நிமிடம்கூட ஆகாது. திருத்திய எண்ணைத் தாளில் எழுதி, ஒரு நகலைத் தரையில் விட்டுச் செல்லுங்கள். கூடைக்கு இடமில்லை என்று தாள் சொன்னால், கூடையைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு என்ஜினை இயக்குங்கள்.